ஏலத்தில் எடுத்த பாட்டு

பாட்டைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறேன் என்று சொன்னால், தேனியில் அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "நீங்க பாடுவீகளா?" பாடமாட்டேன். நான் வாயைத் திறந்து பாடினால் பால்காரர்கூட மறுநாள் எங்கள் தெருவுக்கு வரமாட்டார். பாட்டை யார் விற்கிறார்கள், யார் வாங்குகிறார்கள், கேசட்டிலிருந்து செல்போனுக்கு ஏறிய வழியில் யார் கை நிறைந்தது, யார் கை வெறுங்கையாகத் திரும்பியது என்பதுதான் என் விஷயம். முதலில் பத்திரிகையில் கட்டுரைகளாக எழுதினேன். பத்திரிகை ஆட்களைக் குறைத்தபோது என்னையும் குறைத்தது. அதற்குப் பிறகு புத்தகங்கள். ‘இந்தப் பாட்டு யாருடையது?’ என்ற ஒரே கேள்வியை வைத்துத்தான் இத்தனை வருடம் வயிற்றைக் கழுவிக்கொண்டிருக்கிறேன்.

சென்னையைக் காலி செய்துகொண்டு அல்லிநகரம் வந்தபோது, தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு கொடுக்க ஒருவரும் தயாராக இல்லை. "வீட்டுக்காரர் எப்ப வருவாக?" என்று கேட்டுவிட்டு, வரமாட்டார் என்றதும் கதவைச் சாத்தினார்கள். அக்காதான் கொடுத்தார். கூடப் பிறந்த அக்கா இல்லை. கடைவீதியில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். என் அப்பா தோட்டத்துக்குப் பைப்பும் வால்வும் வாங்கியது அவர்கள் கடையில்தான், அந்தப் பழக்கம். "மாடி சும்மாதான கெடக்கு, வந்து இரு. மேல நடமாட்டம் இருந்தா எனக்கும் தைரியமா இருக்கும்" என்றார். அட்வான்ஸ் பற்றிப் பேச்செடுத்ததற்கு என்னைத் திட்டினார்.

அக்காவின் கணவர் இறந்து அப்போது சில வருடங்கள் ஆகியிருந்தன. கூடலூரில் ஒரு கடைக்குச் சரக்கை இறக்கிவிட்டு, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே போய்விட்டார். கையில் டீ கிளாஸ் அப்படியே இருந்ததாம். அக்கா இதைச் சொல்லும்போது அழமாட்டார். "டீயக் கூட முழுசாக் குடிக்கல" என்று மட்டும் சொல்வார்.

அக்கா கிறிஸ்தவர், சபைக்குப் போகிறவர். நான் எந்தப் பக்கமும் ஒழுங்காகப் போகாதவள். வீரபாண்டி அம்மன் திருவிழாவுக்குக்கூட ராட்டினத்துக்காகவும் அல்வாவுக்காகவும்தான் போவேன். என்னையும் ஒரு வருடம் சபையின் அறுவடைப் பண்டிகைக்கு அழைத்துப் போனார். "நீ பாட்டு வியாபாரம் பத்தித்தான எழுதுற? எங்க சபைக்கு வா, ஒரு வியாபாரம் காட்டுறேன்" என்றார்.

அறுவடைப் பண்டிகையில் சபையார் அவரவர் விளைச்சலில் முதல் பங்கைக் கொண்டுவந்து ஆலயத்தில் படைப்பார்கள். வாழைத்தார், தேங்காய், திராட்சைக் கூடை, பூசணி, காலைக் கட்டிய சேவல் என்று எல்லாம் வரும். ஆராதனை முடிந்ததும் வெளியே பந்தலில் அத்தனையையும் ஏலம் விடுவார்கள். ஏலம் விடுகிறவருக்குக் குரலும் வேண்டும், வாயும் வேண்டும். ஒருவரை ஒருவர் உசுப்பிவிட்டு, மச்சான் மச்சானை மல்லுக்கு இழுத்து, ஒரே ஒரு சுரைக்காய்க்கு ஊரே சிரிக்கும். இதெல்லாம் மற்ற ஊர்களிலும் உண்டு.

எங்கள் ஊரில் கூடுதலாக ஒன்று உண்டு. சபையில் கீபோர்டு வாசிக்கும் அண்ணன் ஒருவர் பழைய பஸ் நிலையத்துப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். நிலமும் இல்லை, தோட்டமும் இல்லை. ஒரு வருடம் அவர் புதிதாகக் கட்டிய பாட்டு ஒன்றைத் தாளில் எழுதி, தட்டில் வைத்து, பூசணிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். "எனக்கு வெளையிறது இதான்" என்றாராம். எல்லோரும் சிரித்தார்கள். ஏலம் விடுகிறவரும் சிரித்துக்கொண்டே அதையும் கூவினார். யாரோ ஒருவர் விளையாட்டாகக் கேட்டார், இன்னொருவர் ரோஷத்தில் ஏற்றினார், பாட்டு போய்விட்டது. மறு வருடமும் அவர் பாட்டோடு வந்தார். அப்படியே வழக்கமாகிவிட்டது.

வழக்கம் வந்தால் சட்டமும் வரும். ஏலத்தில் எடுத்தவர் வீட்டில்தான் அந்தப் பாட்டை முதலில் பாட வேண்டும். அந்த வீட்டார் "எல்லாரும் பாடுங்க" என்று வாய்திறந்து சொன்னால்தான் ஆலயத்தில் பாடலாம். சொல்லாவிட்டால் அது அந்த வீட்டுப் பாட்டு. கட்டிய அண்ணனேகூட வேறெங்கும் பாடமாட்டார். இது எங்கும் எழுதி வைக்கவில்லை, ஒருவரும் மீறியதும் இல்லை. பெரும்பாலான வீடுகள் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே விட்டுக்கொடுத்துவிடும். தங்கள் பாட்டைச் சபையே பாடுவதில் ஒரு பெருமை.

அக்கா விட்டுக்கொடுக்கவில்லை. கணவர் இறந்த வருடம் ஏலத்துக்கு வந்த பாட்டை, யாரையும் மேலே கேட்கவிடாமல் அவர் எடுத்திருந்தார். மலைப்பாதையில் முன்னால் ஏறிப் போய்விட்ட ஒருவரைப் பற்றிய பாட்டு அது. "அவுகளத்தான் எழுதியிருக்காக" என்பார் அக்கா. அந்த அண்ணனோ, தான் பொதுவாகத்தான் எழுதினேன் என்பார். அந்தப் பாட்டின் ஒரு வரியைக்கூட நான் இங்கே எழுதப்போவதில்லை. நான் அதைப் பரப்பியவரை போதும்.

கணவரின் நினைவு நாளில் அக்கா வீட்டுக் கூடத்தில் ஜெபம் நடக்கும். வருடத்தில் அந்த ஒரு நாள் மட்டும்தான் அந்தப் பாட்டு வெளியே வரும். நான் மாடிக்குக் குடிவந்த பிறகு முதல் முறை அதைக் கேட்டபோது, டீ டம்ளர்களைத் தட்டில் அடுக்கியபடி அடுப்படி வாசலில் நின்றிருந்தேன். ஜெபம் முடிந்தது. அண்ணன் கீபோர்டில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார். எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா சுவரோரமாக உட்கார்ந்து, தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மூச்சை உள்ளே வாங்கி, "ம்... ஆரம்பிங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையில் குரல் நடுவில் உடைந்து, பிறகு ஒட்டிக்கொண்டது. அதை அழுகை என்று சொன்னால், வருடம் முழுவதும் அவர் அழுதது அவ்வளவுதான். பாட்டு தொடங்கியதும் நான் டம்ளர் தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

அடுத்த வருடம் ஜெபத்துக்கு முன்பே கேட்டேன். "அக்கா, போன்ல பதிஞ்சுக்கட்டுமா?"

"பதிஞ்சுக்கயேன். நம்ம வீட்டுப் புள்ளதான நீ."

பதிந்துகொண்டேன். அப்போது என் புதிய புத்தகம் பாதியில் நின்றிருந்தது. பெரிய கம்பெனிகள், பெரிய வழக்குகள் என்று பக்கம் பக்கமாக எழுதி எனக்கே சலித்துப்போயிருந்தது. சட்டப் புத்தகம் இல்லாமல், வக்கீல் இல்லாமல், ஒரு சபை பாட்டுக்கு உரிமை வகுத்து அதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்பதைவிட நல்ல அத்தியாயம் எனக்குக் கிடைக்குமா? ஒரே மூச்சில் எழுதினேன். இந்த அத்தியாயம்தான் புத்தகத்திலேயே உயிருள்ளது என்றார் பதிப்பாளர். அந்தப் பாட்டையும் வாசகர் கேட்டால் எப்படி இருக்கும் என்றும் அவரே கேட்டார். பக்கத்தின் ஓரத்தில் ஒரு கியூஆர் கோடு. போனைக் காட்டினால் பாட்டு ஒலிக்கும்.

என் முந்தைய புத்தகத்தில் ஓர் அத்தியாயம் முழுக்க இதைப் பற்றித்தான் இருக்கிறது: பதிய அனுமதி வேறு, வெளியிட அனுமதி வேறு. கிராமத்துப் பாடகர்களிடம் முதலாவதை வாங்கிக்கொண்டு இரண்டாவதையும் வாங்கிவிட்டதாகப் பாவனை செய்த கம்பெனிகளை வறுத்தெடுத்திருக்கிறேன். கல்லூரிகளில் மேடை போட்டுப் பேசி, கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். ஊருக்கு உபதேசம் என்பது சும்மா வந்த சொல் இல்லை.

அனுமதி வாங்காமல் இல்லை, முறைப்படி வாங்கினேன். பாட்டைக் கட்டியவர் யாரோ அவருக்குத்தான் சட்டப்படி உரிமை. ஜெராக்ஸ் கடை அண்ணனிடம் போனேன். அவர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். "அக்காட்டச் சொல்லிட்டீகள்ல மேடம்?" என்று மட்டும் கேட்டார். "சொல்லிருவேன் அண்ணே" என்றேன்.

சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதினால் பொய். புத்தகத்தைக் கையில் கொடுத்து அவரைத் திகைக்க வைக்கலாம் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில், கேட்டால் வேண்டாம் என்றுவிடுவார் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்றுவிட்டால் என் அத்தியாயம் ஊமையாகிவிடும். அதனால் கேட்கவில்லை.

புத்தகம் வந்ததும் முதல் பிரதி அக்காவுக்குத்தான். அவர் அதைப் படிக்கவில்லை. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்து, ஆணி வாங்க வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். "எங்க மாடியில உக்காந்து எழுதுனது" என்று சொல்வாராம். பக்க ஓரத்திலிருந்த கியூஆர் கட்டத்தில் போனைக் காட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

பிறகு நடந்தது நானே என் புத்தகங்களில் பலமுறை எழுதிய கதை. முகம் தெரியாத யாரோ அந்தப் பதிவை எடுத்து, அதன்மேல் டிரம்ஸை ஏற்றி, வேகத்தைக் கூட்டி இணையத்தில் போட்டார்கள். தொடக்கத்தில் அக்காவின் "ம்... ஆரம்பிங்க" அப்படியே இருந்தது. அதைத் தனியாக வெட்டி, மூன்று தடவை ஒலிக்கவிட்டு, மூன்றாவது முடிந்ததும் டிரம்ஸ் இடிக்கும். அந்த இடம்தான் எல்லோருக்கும் பிடித்துப்போனது. ரீல்ஸில் அதை வைத்து மாப்பிள்ளைகள் மண்டபத்துக்குள் நுழைந்தார்கள், கல்லூரிப் பெண்கள் முடியைச் சிலுப்பினார்கள், பரோட்டா மாஸ்டர் ஒருவர் மாவை வீசினார். எல்லாம் அக்கா ஆரம்பிக்கச் சொன்ன பிறகு.

அப்போது எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைச் சொல்லத்தான் எனக்கு நாக்கு கூசுகிறது. குமுளிக்குப் போக வேண்டி ஒருநாள் கூடலூரில் ஜீப்புக்கு நின்றேன். ஏறிய ஜீப்பில் அந்தப் பாட்டு. டிரைவர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டார். "அடிபொளி பாட்டுக்கா. அந்த அம்மா ஆரம்பிங்கன்னு சொல்லுது பாருங்க, சும்மா அள்ளுது" என்றார். "அது எங்க வீட்டுல பதிஞ்சது, நாந்தான் பதிஞ்சேன்" என்றேன். அவர் திரும்பி என்னை மரியாதையாகப் பார்த்தார். எந்த ஊரில் அந்த மனுஷர் டீயை முடிக்காமல் செத்தாரோ அதே ஊரில் உட்கார்ந்துகொண்டு பெருமையடித்திருக்கிறேன் என்பது மலை ஏறி இறங்கி வீடு வந்த பிறகுதான் உறைத்தது.

அக்காவுக்குக் கடையில் தெரியவந்தது. பெயிண்ட் வாங்க வந்தவரின் போன் அடித்திருக்கிறது. அடித்தது அக்காவின் குரல். அன்று சாயங்காலம் மாடிப்படியின் அடியில் நின்று கூப்பிட்டார். மேலே ஏறி வரவில்லை.

"அது என் கொரலா?"

"ஆமாக்கா."

"நீ பதிஞ்சதா?"

"ஆமாக்கா." புத்தகத்தைப் பற்றி, அந்தக் கட்டத்தைப் பற்றி, கையெழுத்தைப் பற்றி எல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் படியின் கைப்பிடியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் எதுக்கு அப்பிடிச் சொன்னேன்னு அவுகளுக்கெல்லாம் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாதுக்கா."

"ஒனக்குத் தெரியும்ல" என்றார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சத்தமாகக்கூடச் சாத்தவில்லை.

அதன்பிறகு நான் ஓடாத ஓட்டம் இல்லை. என் தொழில் எனக்குத் தெரியும். யாருக்கு எழுத வேண்டும், எந்தப் பிரிவைச் சொல்லி மிரட்ட வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி. புத்தகத்திலிருந்த இணைப்பை எடுக்கவைத்தேன். முதலில் போட்டவர் மன்னிப்புக் கேட்டு நீக்கினார். அதற்குள் அது அவர் கையிலும் இல்லை, யார் கையிலும் இல்லை. ஒன்றை நீக்கினால் பத்து முளைத்தது. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். சித்திரையில் வீரபாண்டிக்குப் போனேன். ராட்டினத்துக்குப் பக்கத்துக் கடையில் அதே மெட்டு, ஆத்தாவைப் பாடும் வேறு வார்த்தைகளோடு. தொடக்கத்தில் மட்டும் அக்கா. அல்வா வாங்காமல் திரும்பிவிட்டேன்.

ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கு எங்கெங்கிருந்தோ அழைப்பு வரத் தொடங்கியது. "எனக்கு நல்லதுதான் மேடம் நடந்துருக்கு. அதச் சொல்லவே கூச்சமா இருக்கு" என்றார். அவரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை.

அக்கா என்னைக் காலி செய்யச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். தண்ணீர் வந்தால் எப்போதும்போல மோட்டாரைப் போட்டு என் தொட்டியையும் நிரப்பினார். போன் செய்தால் மட்டும், "சொல்லு" என்று எடுத்தவர் "சொல்லுங்க" என்று எடுத்தார். ஒருநாள் கடைக்கே போய், நான் செய்தது துரோகம், உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று அழுதேன். வாடிக்கையாளருக்கு நட்டு எடுத்துக்கொடுத்தபடியே, "அழுகாதீங்க. சட்டப்படி சரியாத்தான் செஞ்சிருப்பீக" என்றார்.

ஆடியில் நினைவு நாள் வந்தது. என்னை அழைக்கவும் இல்லை, வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை. போனேன், வழக்கம்போல அடுப்படி வாசலில் நின்றேன். ஜெபம் முடிந்தது. அண்ணன் கீபோர்டில் விரலை வைத்தார். எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா முக்காட்டை இழுத்துவிட்டார், மூச்சை வாங்கினார். அந்த நொடியில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரப் பிள்ளைகள் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்து வாயைப் பொத்தினார்கள். கெட்ட பிள்ளைகள் இல்லை. அடக்கத்தான் பார்த்தார்கள். ஒரு சின்னச் சத்தம் விரலிடுக்கில் தப்பிவிட்டது.

அக்காவின் வாய் திறந்தபடியே இருந்தது. அவர் ஒருமுறை கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். என்னையும் பார்த்தார். "இன்னிக்கு ஜெபத்தோட முடிச்சுக்கிருவம்" என்றார். அண்ணன் கீபோர்டை மெதுவாக மூடினார். அக்காவின் கணவர் போன பிறகு, பாட்டில்லாமல் கழிந்த முதல் நினைவு நாள் அதுதான். அடுப்படியில் டீ ஆறிப்போய்விட்டது. நான் மறுபடியும் சுடவைத்தேன்.

இந்த வருடத்து அறுவடைப் பண்டிகை மழைக்கு நடுவில் வந்தது. பந்தலின் ஓரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் யாரும் கூப்பிடாமலேயே போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். வாழைத்தார் போனது, சேவல் போனது. பிறகு ஏலம் விடுகிறவர் ஒரு தட்டை எடுத்தார். எடுத்தவர் கூவவில்லை. தாளைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

அது இந்த வருடத்துப் பாட்டு இல்லை. அக்கா தன் பாட்டைத் திரும்பக் கொண்டுவந்து படைத்திருந்தார். எடுத்த பொருளையே மறுபடியும் சபைக்குக் கொடுத்து மறு ஏலம் விடச் சொல்வது உண்டு. ஒரே தேங்காய் நான்கைந்து கை மாறும். பாட்டு அப்படித் திரும்பி வந்ததில்லை.

"நல்லா யோசிச்சுத்தானக்கா?" என்று ஏலம் விடுகிறவர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"கூவுங்க தம்பி" என்றார் அக்கா. "யாராச்சும் வச்சுக் காப்பாத்துறவுக எடுக்கட்டும்."

அவர் கூவினார். அன்றைக்கு வேடிக்கைப் பேச்சு எதுவும் பேசவில்லை. ஒரு தரம் என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. யாருக்கும் அக்கா மேல் வருத்தம் இல்லை. ஆனால் எதற்கு எடுப்பார்கள்? ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள்கூட அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டுதான் நிற்கிறார்கள். வீட்டுக்குள் வைத்துப் பூட்ட இனி அதில் என்ன மிச்சம்? அவர்கள் தரையைப் பார்த்தார்கள். அக்கா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏலம் விடுகிறவர் இரண்டு தரம் என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. கையைத் தூக்கினேன். என்னிடம் இருப்பதையெல்லாம் கொடுத்து அதை வாங்கி, அப்படியே அவர் மடியில் வைத்துவிடலாம் என்றுதான் தூக்கினேன். "நான் எடுத்துக்கிறேன்" என்றேன். பந்தல் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

ஏலம் விடுகிறவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"அவுகளுக்கு எதுக்கு தம்பி?" என்றார். "அவுகட்டத்தான் ஏற்கெனவே இருக்குல்ல."